பச்சை விழுந்த தாள்

மூன்று பிள்ளைகளும் வாந்தியோடு வந்த வியாழக்கிழமை
சோறு சுற்றிய தாளில்
மிச்சமாய்க் கிடந்தது ஒரு துண்டு.
மஞ்சளும் மிளகும் ஊறி
எதுவாகவும் இருக்கக்கூடிய துண்டு.
"இது என்ன மிஸ்?" என்றார் டொக்டர்.
நான் இரத்தம் பார்க்கிறவள், சலம் பார்க்கிறவள்.
கறியாகிவிட்ட காளானிடம்
பெயர் கேட்க எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை, சேலைன் கழற்றிய பிறகு
தகப்பனோடு போனேன்.
தவசீலன் சைக்கிளில் முன்னே,
நான் ஸ்கூட்டியில் பின்னே, அவர் வேகத்துக்கு.
கன்னியா தாண்டி, பன்குளம் றோட்டை விட்டு இறங்கும் வரைக்கும்
அவர் ஒரு சொல் கதைக்கவில்லை.
பிழை செய்தவர் மிதிக்கிற மிதி.

பாலையும் வீரையும் சொட்டிக்கொண்டு நின்றன.
யானை லத்தியில் ஆவி பறந்தது.
நின்றோம்.
காது கொடுத்தோம்.
பிறகு நடந்தோம்.
சிவப்பாய், புள்ளி புள்ளியாய்
ஏதோ ஒரு எச்சரிக்கையை நான் தேடினேன்.
காடு அப்படிப் பலகை நட்டு வைப்பதில்லை.

"இதடியிலதான்" என்றார்.
பாதி கரைந்த புற்று. சுற்றிவர
இரவு முளைத்த கூட்டம்,
வெள்ளை, எல்லாமே வெள்ளை,
சந்தையில் ஒரே விலைக்குப் போகிற வெள்ளை.

குந்தி, ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை.
கத்தியால் கிண்டினேன். தண்டு முடியவில்லை.
மெலிந்து, கறுத்து, இறங்கி இறங்கி
முழங்கை மட்டும் என் கையை வாங்கிக்கொண்டு
கறையான் வீட்டுக் கூரையில் போய் நின்றது.
குடையின் உச்சியில் ஒரு கூர்.
கழுத்தில் ஒன்றுமில்லை.

நாலு முழம் தள்ளி, புல்லுக்குள்ளே மற்றது.
தொட்டதும் வந்துவிட்டது.
அடியில் ஒரு உருண்டை, அவ்வளவுதான்.
தலையில் மண்ணிறச் செதிள்.
கழுத்தில் வளையம்; விரலால் தள்ள
மேலும் கீழும் ஓடியது,
மெலிந்த கையில் காப்பு மாதிரி.

"ரெண்டையும்தான் பிடுங்கினனான்.
போன வருசம் ஒண்டும் செய்யேல்ல."

இரவு உப்புவெளியில், சாப்பாட்டு மேசையில்
மகளின் சித்திரக் கொப்பியில் இரண்டு தாள் கிழித்தேன்.
தண்டை அறுத்து, குடைகளைக் கவிழ்த்து
மேலே ஆளுக்கொரு கண்ணாடிக் கிண்ணம்.
மின்விசிறியை நிறுத்தினேன்.
காளான் எழுதுகிறபோது காற்று கூடாது.
"இந்தப் புழுக்கத்திலயா?" என்று
பாயை இழுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார் இவர்.
கடல் இரைந்தது. நான் இரண்டு தரம் எழும்பிப் பார்த்தேன்,
தூக்கவில்லை.

விடிய,
ஒரு தாளில் வெளிறிய ரோசா,
பிறந்த பிள்ளையின் நகம் போல.
மற்றதில் பச்சை.
பாசி அல்ல, இலை அல்ல,
வாட்டுத் திரைச்சீலை நூறு தரம் வெளுத்த பிறகு
மிஞ்சுமே, அந்தப் பச்சை.
மடிப்பு மடிப்பாய், மயிரிழை பிசகாமல்
தானே தனக்கு ஒப்பமிட்டிருந்தது.

மடிக்காமல் எடுத்துப் போனேன்.
மூத்தவன் கட்டிலில் இருந்து ரஸ்க் தின்றான்.
"பூவா மிஸ்?" என்றான்.
தாய் பவளராணி பார்க்கவே மாட்டேன் என்று
யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
தவசீலன் மட்டும் வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:
"தாள் இல்லாட்டி எப்பிடி மிஸ்?
அடுப்பு மூட்டின பிறகு
ஒரு இரவு காத்திருக்க ஏலுமோ?"

"இழுத்துப் பாருங்கோ" என்றேன்.
"சுகமா வந்தா விட்டிடுங்கோ."
அவர் தலையாட்டினார், முழுசாக நம்பி.
படி இறங்கும்போதுதான் உறைத்தது:
ஈரமண்ணில் வேர் அறுந்தும் வரும்.
மழையில் வளையம் கழன்றும் விழும்.
திரும்பி ஓடினேன். "தெரியாட்டி வேண்டாம்,
தெரிஞ்ச மாதிரி இருந்தாலும் வேண்டாம்" என்றேன்.
அதற்கும் அதே தலையாட்டல்.

பச்சைத் தாள் இப்போது ஆய்வுகூடச் சுவரில்,
இரத்த வகை அட்டவணைக்குப் பக்கத்தில்.
தொடவேண்டாம், அழியும் என்று
கீழே எழுதி வைத்திருக்கிறேன்.
ஒரு ஓரம் முன்னமே அழிந்திருக்கிறது,
ரஸ்க் தூளோடு,
ஒரு சின்ன விரல் அளவுக்கு.